தூண்டில் மீனைப் பாடம் செய்யக் கொடுக்கும் முன்: கையாளுதலும் உறையவைத்தலும்

இறந்த உயிரினத்தின் தோலை உரித்துப் பதப்படுத்தி, அது உயிரோடிருந்தபோது கொண்டிருந்த வடிவத்தில் மீண்டும் அமைத்து நிறுத்தும் கலைக்குப் பாடம் செய்தல் என்று பெயர். புலியும் மானும் பாடம் செய்யப்பட்டிருப்பதை அரண்மனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் பலர் கண்டிருப்பர். வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் தூண்டில் போடுவோரிடையே, பிடித்த மீன்களில் தலைசிறந்த ஒன்றைப் பாடம் செய்து சுவரில் மாட்டி வைக்கும் வழக்கம் இன்றும் பரவலாக உள்ளது. அத்தகைய மீன், நீரிலிருந்து எடுக்கப்பட்ட நேரம் முதல் பாடம் செய்யும் கலைஞரின் கைக்குப் போய்ச் சேரும் நேரம் வரை எவ்வாறு பேணப்பட வேண்டும் என்பதை, அங்கு மிகுதியாகப் பிடிக்கப்படும் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் அகன்ற வாய் மீனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த அத்தியாயம் விளக்குகிறது.

பாடம் செய்யும்போது நடப்பது என்ன?

பேணும் முறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரிய வேண்டுமானால், கலைஞர் மீனை என்ன செய்கிறார் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அவர் மீனின் ஒரு பக்கவாட்டில் நீளமாகக் கீறித் தோலைச் சதையிலிருந்து பிரித்தெடுக்கிறார். தலையோடும் துடுப்புகளோடும் வாலோடும் சேர்ந்தே வரும் அத்தோலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி நீக்கி, வெண்காரம் போன்ற பதப்பொருளை இட்டு, மீனின் உடல் அளவுக்குச் செதுக்கப்பட்ட நுரைப்பஞ்சு உருவின்மேல் போர்த்தித் தைக்கிறார். கண்ணுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கண் பொருத்தப்படுகிறது. துடுப்புகள் விரித்து அட்டைகளுக்கிடையே பொருத்தப்பட்டு, பல வாரங்கள் உலரவிடப்படுகின்றன. உலர்ந்த தோலில் இயற்கை நிறம் ஏறக்குறைய முற்றிலும் மறைந்து பழுப்பேறிவிடுவதால், இறுதியில் மீன் முழுவதற்கும் தெளிப்புத் தூரிகையால் வண்ணம் தீட்டப்படுகிறது.

நிறத்தைக் கலைஞர் எப்படியும் புதிதாகத் தீட்டித்தான் ஆக வேண்டும், கண்ணும் செயற்கையே, சதை எறியப்படுகிறது. மீனிலிருந்து நிலையாக எஞ்சுபவை தோலும் செதிலும் துடுப்பும் தலை எலும்பும் மட்டுமே. உதிர்ந்த செதில்களும், நார் நாராகக் கிழிந்த துடுப்பும், காய்ந்து சுருங்கிய தோலும் கலைஞரின் கைக்குப் போனபின் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே சமையலுக்கான மீனைப் பேணும் முறையும் பாடத்திற்கான மீனைப் பேணும் முறையும் வேறு வேறானவை. முன்னதில் சதையின் சுவையும், பின்னதில் வெளிப்போர்வையின் முழுமையும் காக்கப்படுகின்றன. தூண்டில்காரர் முதல் சில மணி நேரத்தில் காட்டும் கவனமே பாடத்தின் தரத்தில் பெரும்பகுதியை முடிவு செய்கிறது.

தோல் பாடமா, நகலா?

எல்லா மீனும் தோல் பாடத்திற்கு ஏற்றதல்ல. பாஸ், பைக், பெர்ச் போன்ற மீன்களின் தோல் தடிப்பாகவும் செதில்கள் உறுதியாகவும் இருப்பதால் அவை நன்றாகப் பாடம் ஆகின்றன. டிரவுட், சால்மன் ஆகிய குளிர்நீர் மீன்களின் தோல் மெல்லியது, எண்ணெய்ப் பசை மிகுந்தது; தலையில் குருத்தெலும்பு அதிகமாதலால் உலரும்போது அது சுருங்கும். கடல்மீன்களுக்குப் பெரும்பாலும் தோல் பாடம் செய்யப்படுவதே இல்லை. இவற்றுக்கெல்லாம் கண்ணாடியிழையால் வார்க்கப்படும் நகலே பொருத்தமானது. நகலுக்கு மீனின் உடல் தேவையில்லை. நீளம், சுற்றளவு, தெளிவான படங்கள் ஆகிய மூன்றும் போதும். அவற்றை வைத்துக்கொண்டு, அதே இனத்து மீனிலிருந்து முன்பே எடுக்கப்பட்ட அச்சுகளில் அளவு ஒத்துவருவதைக் கலைஞர் தேர்ந்தெடுத்து வார்த்து, படத்தைப் பார்த்து வண்ணம் தீட்டுகிறார். மீனோ அளவெடுத்த சில நொடிகளில் நீருக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த இரண்டில் எது என்பதை மீனைக் கொல்வதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பாஸ் இனத்தில் மிகப் பெரியதாக வளர்பவை பெரும்பாலும் பெண் மீன்களே. முட்டையிடும் வலிமை மிகுந்த அத்தகைய மீனை நீரில் விட்டுவிட்டு நகல் செய்துகொள்வது ஏரிக்குச் செய்யும் நன்மையாகும். நீரில் அருகிவிட்ட இனம் என்றால் இதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. மைசூரில் பாடம் செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீர் மீனைத் தூண்டிலில் பிடித்தார். காவிரிப் படுகைக்கே உரிய அந்தத் திமில் மஹ்சீர் இனம் இன்று அற்றுப்போகும் பேராபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. அத்தகைய மீனுக்கு அளவும் படமும் மட்டுமே எடுக்கத் தகும்.

சட்டமும் இதே கட்டத்தில் கவனிக்கப்பட வேண்டும். அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவிலும் தூண்டில் உரிமம், ஒரு நாளில் வைத்துக்கொள்ளக்கூடிய மீன்களின் எண்ணிக்கை, வைத்துக்கொள்ளத்தக்க நீளம் ஆகியவற்றுக்கு ஏரிதோறும் வேறுபடும் விதிகள் உண்டு. சில ஏரிகளில் குறிப்பிட்ட இரு நீளங்களுக்கு இடைப்பட்ட மீன்கள் அனைத்தையும் திருப்பி விட்டாக வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் திமிங்கலச் சுறா, வேளா மீன், கடல் குதிரை உள்ளிட்ட நீர்வாழ் உயிரினங்களும் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பிடிப்பதும் பாடம் செய்து வைத்திருப்பதும் குற்றமாகும்.

நீரிலிருந்து எடுக்கும்போது

பாடத்திற்கென முடிவான மீனைக் கரடுமுரடான முடிச்சு வலையால் தூக்காமல், முடிச்சில்லாத ரப்பர் வலையால் தூக்குவது நல்லது. முடிச்சு வலை செதிலைப் பெயர்ப்பதோடு வால் துடுப்பின் சவ்வையும் கிழித்துவிடும். கொக்கித் தடியால் குத்தித் தூக்குவதும், செவுள் வழியாகக் கயிற்றில் கோத்து நீரில் மிதக்கவிடுவதும் கூடாது. பாஸ் மீனைக் கீழ்த்தாடையில் பிடித்துத் தூக்குவது வழக்கமாயினும், கனத்த மீனை அப்படித் தொங்கவிட்டால் தாடை மூட்டு பிசகிவிடும். மறுகையால் வயிற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மேல்தாடை எலும்பை ஒட்டிய மெல்லிய சவ்வு கிழியாதபடி, தூண்டில் முள்ளைக் குறட்டால் பிடித்து, குத்திய வழியாகவே பின்னோக்கித் தள்ளிக் கழற்ற வேண்டும்.

படகின் தளத்தில் துள்ளவிட்ட மீன் சில நொடிகளிலேயே வாலைப் பிளந்துகொள்ளும். எனவே தூக்கிய உடனே ஈரத் துணியில் சுற்றி அடக்கி, தாமதமின்றிக் கொல்வது மீனுக்கும் பாடத்திற்கும் நல்லது. தலை உச்சியில் பலமாக அடித்தால் மண்டை எலும்பு நொறுங்கி வடிவம் கெடக்கூடும். ஜப்பானிய மீனவர்களின் இகெஜிமே முறையில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மூளை இருக்கும் இடத்தில் கூரிய மெல்லிய கம்பியைச் செலுத்தினால் மீன் அக்கணமே இறக்கும், எஞ்சுவது ஒரு சிறு துளை மட்டுமே. அம்முறையின் அடுத்த படியான செவுளை அறுத்து இரத்தம் வடித்தல் இங்கே தவிர்க்கப்பட வேண்டும்.

பாடம் செய்த மீன் சுவரில் மாட்டப்படும்போது அதன் ஒரு பக்கம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதைக் காட்சிப் பக்கம் என்றும், கீறலும் தையலும் மறைந்திருக்கும் மற்றப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் என்றும் அழைக்கலாம். செதில் இழப்பும் தழும்பும் குறைந்த பக்கம் எது என்று பார்த்து, காட்சிப் பக்கத்தை அப்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அது முதல் மீனை எங்கே கிடத்தினாலும் சுவர்ப் பக்கமே கீழே இருக்க வேண்டும். மூளையில் குத்தும் துளையும் அப்பக்கத்தில்தான் விழ வேண்டும்.

படமும் அளவும்

மீனின் நிறம் தோலிலுள்ள நிறமி அணுக்களால் உண்டாவது. கருநிறத்தைத் தரும் அணுக்களுக்குள் நிறமித் துகள்கள் நரம்புகளின் கட்டளைப்படி விரிவதும் குவிவதுமாக இருக்கின்றன. உயிர் போனதும் கட்டளை நின்றுவிடுவதால், பாஸ் மீனின் பக்கவாட்டில் தாடை முதல் வால் வரை ஓடும் கரும்பட்டை சில நிமிடங்களில் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ மாறத் தொடங்கும். ஆகவே இயன்றால் மீன் உயிரோடிருக்கும்போதே, இல்லையேல் இறந்த மறுகணமே, படங்களை எடுத்துவிட வேண்டும். நேர்வெயில் செதிலில் பட்டுப் பளிச்சிடும். கேமராவின் மின்னொளியும் அப்படியே. நிழலில், பகல் வெளிச்சத்தில், மீன் ஈரமாக இருக்கும்போது எடுக்கும் படமே நிறத்தை உள்ளபடி காட்டும். இரு பக்கங்களையும் முழுமையாக எடுத்தபின், தலை, கண், வாயின் உட்புறம், வயிறு, விரித்த ஒவ்வொரு துடுப்பு ஆகியவற்றை அருகில் வைத்துத் தனித்தனியே எடுக்க வேண்டும்.

முகவாய் நுனியிலிருந்து வாலின் கடைநுனி வரை உள்ள மொத்த நீளம், முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் உடல் மிகப் பருத்திருக்கும் இடத்தின் சுற்றளவு, எடை ஆகிய மூன்றும் குறிக்கப்பட வேண்டியவை. நீளத்தை உடலின் வளைவின் மேல் அளவு நாடாவை ஓட்டி எடுக்காமல், தட்டையான அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி நேர்கோட்டில் எடுக்க வேண்டும். உறைந்து உருகிய மீன் சற்றே சுருங்குவதாலும் வயிறு அமுங்குவதாலும், புதிதாக எடுத்த சுற்றளவே கலைஞர் உருவைத் தேர்ந்தெடுக்க நம்பத்தக்கது. ஜார்ஜியா மாநிலத்தில் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள லார்ஜ்மவுத் பாஸ் உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. அந்த மீன் பாடம் செய்யப்படாமல் வீட்டில் சமைத்து உண்ணப்பட்டுவிட்டது, ஆயினும் 32.5 அங்குல நீளம், 28.5 அங்குலச் சுற்றளவு என்ற பதிவு இருப்பதால் அதன் உருவத்தை இன்றும் கணிக்க முடிகிறது. அளவுக் குறிப்பின் மதிப்பு இத்தகையது.

குளிர்வித்தல்

இறந்த மீனின் குடலிலுள்ள செரிமான நொதிகள், அதாவது உணவைச் சிதைக்கும் புரதங்கள், உள்ளிருந்தபடியே வயிற்றுச் சுவரை அரிக்கத் தொடங்குகின்றன. வெப்பம் கூடினால் அரிப்பும் பாக்டீரியாப் பெருக்கமும் விரைவுபடும். வயிற்றுத் தோல் மென்மையாகிச் செதில்கள் பிடிப்பிழந்து கழன்று வருவது இதன் விளைவு. குடலை அகற்றிவிடலாமே என்று தோன்றினாலும், வயிற்றைக் கீறினால் பாடத்தில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தையல் விழும். ஆகையால் குடலையும் செவுளையும் எடுக்காமல், விரைவாகக் குளிர்விப்பது ஒன்றே வழி.

ஐஸ் பெட்டியில் மீனை நேரடியாகப் பனிக்கட்டிகளுக்கிடையே புதைப்பது தவறு. கூரான கட்டிகள் தோலில் குழி பதிக்கும். உருகிய நீரில் ஊறிய தோல் வெளுத்து உப்பும். மீனை ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத நெகிழிப் பையிலிட்டு, பனிக்கட்டிப் பரப்பின்மேல் நேராகக் கிடத்தி, உருகும் நீர் வெளியேறப் பெட்டியின் அடித் துளையைத் திறந்துவைக்க வேண்டும். இறந்து சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும் என்பதால், வளைந்த நிலையில் கிடக்கவிட்ட மீன் அப்படியே விறைத்துவிடும். விறைத்தபின் பலவந்தமாக நிமிர்த்தினால் தோல் கிழியும்.

உப்பு தூவுவதோ வெண்காரம் தடவுவதோ இந்தக் கட்டத்தில் கூடாது. அவை தோலின் நீரை உறிஞ்சித் துடுப்புகளை முறுக்கிவிடும். ஆய்வு நிலையங்களில் மீன் மாதிரிகளை ஃபார்மலின் கரைசலில் இட்டு வைப்பதைக் கண்டு அதைப் பின்பற்றுவதும் தவறு. ஃபார்மலின் பட்ட தோல் விறைத்துக் கெட்டிப்பட்டுவிடுவதால் அதை உரித்து உருவின்மேல் போர்த்த இயலாது.

சுற்றுதல்

உறையவைக்கும் முன் மீனின்மேல் படிந்த மண்ணையும் இரத்தத்தையும், மிகுதியான வழும்பையும் குளிர்ந்த நீரை மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும். துடைக்க நேர்ந்தால் தலையிலிருந்து வாலை நோக்கி மட்டுமே கை செல்ல வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் செதில்கள் எழும்பி உதிரும். வாயிலும் செவுளிலும் கசியும் இரத்தம் தோலில் கறையாகாதபடி அவ்விடங்களில் ஈரப் பஞ்சு சிறிது அடைத்துவைக்கலாம்.

மிகுந்த கவனத்தைக் கேட்பவை துடுப்புகளே. பாஸ் மீனின் முன் முதுகுத் துடுப்பில் பத்து அளவில் கூர்முட்களும், அதையடுத்த பின் முதுகுத் துடுப்பில் மென்மையான கிளைத்த கதிர்களும் இருக்கின்றன. இந்த முட்களையும் கதிர்களையும் இணைப்பது ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சவ்வு. ஈரமாக இருக்கும்வரை மடிந்து விரியும் அச்சவ்வு, காய்ந்ததும் விளிம்பிலிருந்து சுருண்டு கதிருக்குக் கதிர் பிளவுபடும். உறைந்த நிலையிலோ அது கண்ணாடி போல நொறுங்கும். முதுகுத் துடுப்பை அது இயல்பாக மடியும் திசையில் படியவிட்டு, மார்புத் துடுப்புகளையும் இடுப்புத் துடுப்புகளையும் உடலோடு ஒட்டி வைத்து, ஒவ்வொன்றின்மேலும் நீரில் நனைத்த மெல்லிய துணித் துண்டைப் போர்த்த வேண்டும். வால் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எளிதில் முறியும். வாலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிய இரண்டு நெகிழித் தகடுகளுக்கிடையே ஈரத் துணியோடு அதை வைத்து, தகடுகளின் விளிம்புகளை மட்டும் ஒட்டுநாடாவால் இணைக்கலாம். துடுப்பின்மேல் கவ்வியோ ஒட்டுநாடாவோ படக் கூடாது.

அடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பழைய வெள்ளைப் பருத்தித் துணியால் மீன் முழுவதையும் சுருக்கம் விழாமல் சுற்ற வேண்டும். சாயத் துணி நிறத்தை இறக்கும், துணியின் மடிப்புத் தோலில் தழும்பாகப் பதியும். செய்தித்தாளில் சுற்றினால் மை கறைபடுத்துவதோடு காகிதம் தோலின் ஈரத்தையும் உறிஞ்சும். துணி சுற்றிய மீனை நெகிழிப் பையிலிட்டு, உள்ளிருக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றிக் கட்டி, அதை மீண்டும் மற்றொரு பைக்குள் இட வேண்டும்.

உறையவைத்தல்

மூடி மேல்நோக்கித் திறக்கும் பெட்டி வடிவ ஃப்ரீசர் இதற்கு மிகவும் ஏற்றது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ வெப்பநிலை நிலைத்திருக்க வேண்டும். உறைபனி தானே நீங்கும் வகையில் அமைந்த குளிர்சாதனப் பெட்டிகளின் ஃப்ரீசரில், படிந்த பனியைக் கரைப்பதற்காக உள்ளே அவ்வப்போது சூடேற்றப்படுகிறது. உலர்ந்த காற்றும் சுழன்றுகொண்டே இருக்கிறது. பனிக்கட்டி நீராகாமலே நேரடியாக ஆவியாவதற்குப் பதங்கமாதல் என்று பெயர். இத்தகைய ஃப்ரீசரில் தோலின் ஈரம் இவ்வாறு ஆவியாகிக்கொண்டே இருப்பதால், சில மாதங்களில் தோல் வெண்திட்டுகளாக வறண்டு, துடுப்புகள் சருகாகின்றன. இதையே உறைவறட்சி என்பர். ஈரத் துணியும் காற்றில்லாத இரட்டைப் பையும் இந்த இழப்பைத் தடுப்பதற்கே.

மீனின் நீளத்தைவிட நீண்ட மரப்பலகையின்மேல், காட்சிப் பக்கம் மேலாக, முதுகெலும்பு நேராக இருக்கும்படி மீனைக் கிடத்திப் பலகையோடு சேர்த்தே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். கம்பித் தட்டின்மேல் நேரடியாக வைத்தால் கம்பிகளின் தடம் உடலில் பதியும். முற்றிலும் உறையும்வரை மேலே எதையும் அடுக்கக் கூடாது. பெரிய மீனின் நடுப்பகுதி உறைய ஒரு முழு நாளுக்கு மேலும் ஆகும். முன்கூட்டியே ஐஸில் நன்கு குளிர்விக்கப்படாத மீனில், வெளிப்புறம் உறைந்தபின்னும் குடலின் சிதைவு உள்ளே தொடரும். ஃப்ரீசருக்குள் அடங்காத நீளமான பைக், மஸ்கெலஞ்ச் போன்ற மீன்களை மடக்கித் திணிக்காமல், ஐஸில் வைத்து அன்றோ மறுநாளோ கலைஞரிடம் சேர்த்துவிடுவதே முறை.

மற்றொரு முறை பனிப்பூச்சு. ஒரு நெகிழித் தாளின்மேல் கிடத்தி உறையவைத்த மீனை வெளியே எடுத்து, உறைநிலைக்கு அருகிலுள்ள குளிர்நீரில் ஒரு கணம் முக்கினால், அதன்மேல் மெல்லிய பனித்தோல் படியும். மீண்டும் உறையவைத்து இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால், அந்தப் பனித்தோலே முதலில் ஆவியாகி மீனின் தோலைக் காக்கும். ஆயினும் உறைந்த துடுப்பை முறிக்காமல் கையாளும் திறன் இதற்கு வேண்டும். புதியவர்களுக்கு ஈரத் துணி முறையே பாதுகாப்பானது.

ஒப்படைத்தல்

நீரில் மை கரையும், பென்சில் எழுத்து கரையாது. மீனின் இனம், பிடித்த நாள், நீர்நிலையின் பெயர், நீளம், சுற்றளவு, எடை, உரிம எண், காட்சிப் பக்கம் இடமா வலமா என்ற விவரங்களை இரண்டு தடித்த அட்டைகளில் பென்சிலால் எழுதி, ஒன்றை இரு பைகளுக்கிடையிலும் மற்றொன்றை வெளியிலும் இணைக்க வேண்டும். நன்கு சுற்றப்பட்ட மீன் பல மாதங்கள் கெடாமல் இருக்கும் எனினும், ஆறு மாதத்திற்குள் கலைஞரிடம் சேர்ப்பது நல்லது. கொண்டுசெல்லும் வழியில் அது உருகத் தொடங்கக் கூடாது. ஒரு முறை உருகி மீண்டும் உறையும் மீனில் பனிப் படிகங்கள் முன்னிலும் பெரிதாக வளர்ந்து தோலின் இழைகளைச் சிதைக்கின்றன. செதில் பற்றும் இடங்கள் தளர்கின்றன. எனவே மீனை உருக்கிப் பிரித்துப் பார்க்கும் வேலையைக் கலைஞரிடமே விட்டுவிட வேண்டும்.

ஒப்படைக்கும்போது படங்களையும் கொடுத்து, மீன் எந்தத் தோற்றத்தில் அமைய வேண்டும், வாய் திறந்திருக்கவா மூடியிருக்கவா, உடல் எந்தப் பக்கம் வளையவேண்டும் என்பவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். தோல் உருவின்மேல் ஏறியபின் இவற்றை மாற்ற முடியாது. உறைவறட்சியோ செதில் உதிர்வோ மிகுந்துவிட்டதாகக் கலைஞர் கருதினால், அந்தத் தோலை வலிந்து பாடம் செய்யச் சொல்வதைவிட, எடுத்துவைத்த அளவுகளையும் படங்களையும் கொண்டு நகல் செய்யச் சொல்வதே அறிவுடைமை. மீனைத் தூக்கியதும் முதல் வேலையாகப் படமும் அளவும் எடுத்துவைக்க வேண்டும் என்று இந்த அத்தியாயம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். தோல் கெட்டுப்போன நிலையிலும் மீனின் உருவத்தை மீட்டுத் தர அவையே துணையாகும்.